செவிக்கு எட்டாத காவல்



ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்குத் தொலைபேசி வெறும் கருவியன்று. உற்றாரின் குரல் வந்து சேரும் வழியாகும். கம்பித் தொலைபேசியில் கம்பியே இருவரையும் பிணைத்து நிற்கிறது. வானலையில் இயங்கும் செல்லுலர் தொலைபேசிக்கோ அத்தகைய பிணைப்பு ஏதுமில்லை. அக்குறையை அமெரிக்கப் பொறியியலாளர் எவ்வாறு நிரப்பினர் என்பதை இன்று காண்போம்.

1983ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் சிகாகோவில் அந்நாட்டின் முதல் வணிகச் செல்லுலர் சேவை தொடங்கிற்று. நகரைச் சிறு வட்டங்களாகப் பகுத்து, ஒரு வட்டத்தின் அலைவரிசையைச் சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு வட்டத்திலும் வழங்குவது அதன் அமைப்பு. இதில் சிக்கனம் உண்டு. அயல் வட்டத்தின் பேச்சு உட்புகும் அபாயமும் உண்டு.

இதற்கெனவே மேற்பார்வைத் தொனி வகுக்கப்பெற்றது. வினாடிக்கு 5,970, 6,000, 6,030 அதிர்வுகள் என அது மூவகைப்படும். நிலையம் தனக்குரிய தொனியைப் பேச்சோடு சேர்த்து அனுப்பும். தொலைபேசி அதனையே திருப்பி அனுப்புதல் வேண்டும். பேச்சொலி ஏறத்தாழ 3,000 அதிர்வுகளுக்குள் அடங்குவதால், இத்தொனி வடிகட்டப்பட்டுவிடும். பேசுவோர் செவிக்கு எட்டாது. வேற்றுத் தொனி வந்தால் தொலைபேசி கேட்கும் ஒலியை அடக்கிவிடும். உரிய தொனி 5 வினாடிகள் வாராவிடில் இணைப்பையே விட்டுவிடும்.

10,000 அதிர்வுடைய சைகைத் தொனி என்பது வேறு. அழைப்பு மணி ஒலிக்கும்போது தொலைபேசி அதனை அனுப்பும்; அழைப்பை ஏற்றதும் நிறுத்தும். பேச்சு முடிந்ததும் 1.8 வினாடி அனுப்பி விடைபெறும்.

பழுதுபார்ப்போர் இவற்றைச் சோதித்த முறை கருதத்தக்கது. நிலையம்போல் நடிக்கும் சோதனைக் கருவியோடு தொலைபேசியை இணைத்து, மூன்று தொனிகளையும் ஒவ்வொன்றாக அனுப்புவர். திரும்பி வரும் தொனி வானலையை 2 கிலோஹெர்ட்ஸ் அளவு இருபுறமும் அசைத்தல் வேண்டும்; நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடலாம், குறையலாம். சைகைத் தொனிக்கு அவ்வளவு 8 கிலோஹெர்ட்ஸ். பின்னர் மேற்பார்வைத் தொனியை நிறுத்தி, தொலைபேசி உரிய காலத்தில் அடங்குகிறதா எனக் கடிகாரம் கொண்டு நோக்குவர்.

ஒரு தொனியை மட்டும் சோதித்தல் ஏன் போதாது? 6,000ஐ நன்கு திருப்பி, 6,030இல் தவறும் தொலைபேசி ஒரு வட்டத்தில் ஒழுங்காகப் பேசும். அடுத்ததில் பாதிச் சொல்லில் அறும். மருத்துவரை அழைத்தவர் காரணம் அறியாது திகைப்பார். தொனி நின்றும் அடங்காத தொலைபேசியோ அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு பிறர்க்கு இடையூறு செய்யும்.

இந்தியாவில் 1995இல் தொடங்கிய செல்லுலர் சேவை இலக்க முறையையே மேற்கொண்டது. அமெரிக்காவிலும் பழைய முறையைப் பேணும் கட்டாயம் 2008 பிப்ரவரி 18இல் நீங்கியது. எனினும் அத்தொனி உணர்த்தும் உண்மை பழைமையாகவில்லை: இணைப்பு ஒருமுறை ஏற்பட்டால் போதாது, இரு முனைகளும் அதனை இடையறாது உறுதிசெய்தல் வேண்டும். நாம் தடையின்றிப் பேசும் பேச்சுக்குப் பின்னே, நாம் கேளாத காவல் ஒன்று விழித்திருக்கிறது.