லாகின் ஏன் நிக்க மாட்டேங்குது? சிவகாசி காலண்டரும் ஒரு குக்கியும்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு பிரச்சினையைத்தான் பார்க்கப் போறோம். ஒரு வெப்சைட்டுல லாகின் பண்றீங்க. ஆண்ட்ராய்டு போன்ல ஒழுங்கா போகுது. ஐபோன்ல அதே பாஸ்வேர்டைப் போட்டா, திரும்பவும் லாகின் பக்கமே வந்து நிக்குது. பாஸ்வேர்டு தப்புன்னும் சொல்லல. ஏன்?

வெப் சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தைக் கேக்கும்போதும் நீங்க அதுக்குப் புது ஆள்தான். 1994-ல நெட்ஸ்கேப்புல இருந்த லூ மான்டுல்லி இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். சர்வர் ஒரு சின்ன சீட்டு கொடுக்கும், பிரவுசர் அதைப் பத்திரமா வச்சிருந்து அடுத்த தடவை காட்டும். கோயில் வாசல்ல செருப்பு டோக்கன் மாதிரி. அதுதான் குக்கி.

நான் விருதுநகர்ல இருந்து சின்னக் கம்பெனிகளோட வெப்சைட்டுகளைப் பார்த்துக்கறேன். சிவகாசின்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டாசுதான். ஆனா காலண்டருக்கும் அதுதான் ஊர். ஆடி 18 அன்னைக்கு அடுத்த வருஷ ஆல்பம் வெளிவரும். அதுல இருந்து ஏஜென்டுகள் ஊர் ஊரா, கடை கடையா ஏறி இறங்குவாங்க. பலருக்கு வருஷத்துல அந்தச் சில மாசக் கமிஷன்தான் கணக்கு.

ஒரு அச்சகத்தோட சைட்டுல ஏஜென்ட் படத்தைத் தேர்ந்தெடுத்து, கடை பேரை டைப் பண்ணினா, காலண்டர்ல எப்படி வரும்னு காட்டுற டூல் ஒண்ணு இருந்துச்சு. அது வேற கம்பெனியோட டூல், வேற டொமைன். பக்கத்துக்குள்ள ஐஃப்ரேமா உக்காந்திருந்தது.

சீசன் சூடு பிடிச்ச நேரம், போன் மேல போன். ஆபீஸ்ல போன் எடுக்கிற பொண்ணு எல்லார்கிட்டயும், "அண்ணாச்சி, குக்கிய க்ளியர் பண்ணிட்டு திரும்பப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கடைக்காரர் முன்னாடி நிக்கிற ஏஜென்ட்டுக்கு அது போதாது. கடைக்காரர் அடுத்த ஏஜென்ட்டுக்கு ஆர்டரைக் கொடுத்துடுவார். முதலாளி கோவமெல்லாம் அந்தப் பொண்ணு மேல.

முதல் துப்பு: ஐபோன்ல குரோம் போட்டாலும் வரல. நம்ம ஊர்ல ஐபோன்ல எந்த பிரவுசர் போட்டாலும், உள்ள ஓடுறது சஃபாரியோட வெப்கிட் எஞ்சின்தான். அதனால ஆப்பை மாத்திப் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் மூணு கேள்வி. சர்வர் குக்கியை அனுப்புச்சா? பிரவுசர் வச்சுக்கிச்சா? அடுத்த ரிக்வெஸ்ட்ல திருப்பி அனுப்புச்சா? ஐபோனை ஒரு மேக்ல இணைச்சு, சஃபாரியோட வெப் இன்ஸ்பெக்டர்ல பார்த்தேன். செட்-குக்கி ஹெடர் சரியா வந்திருக்கு. ஆனா பிரவுசர் அதை வச்சுக்கல.

காரணம், அது மூணாவது ஆளோட குக்கி. நீங்க இருக்கிறது அச்சகத்தோட சைட்டுல, குக்கி வைக்கப் பார்க்கிறது வேற டொமைன். விளம்பரக் கம்பெனிகள் இதே வழியிலதான் சைட்டுக்கு சைட் நம்மளைப் பின்தொடர்ந்தாங்க. 2020 மார்ச்ல சஃபாரி அந்த வழியை முழுசா அடைச்சிருச்சு. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூன்ல இருந்து ஒவ்வொரு சைட்டுக்கும் தனி ஜாடி வச்சிருச்சு. குரோம் அடைக்கப் போறேன்னு பல வருஷம் சொல்லி, 2025 ஏப்ரல்ல இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்னு விட்டுருச்சு. அதனால குரோம்ல மட்டும் சோதிக்கிறவங்க கண்ணுல இது படவே படாது.

ஐபோன் செட்டிங்ஸ்ல அந்தத் தடுப்பை ஆஃப் பண்ணச் சொல்லலாமேன்னு ஆபீஸ்ல ஒரு யோசனை வந்துச்சு. நான் வேண்டாம்னுட்டேன். ஆஃப் பண்ணினா நம்ம டூலுக்கு மட்டும் கதவு திறக்காது, எல்லாருக்கும் திறக்கும். சீசன் முடிஞ்சதும் யாரும் ஞாபகமா மூடவும் மாட்டாங்க. நம்ம வேலை நடக்கணும்னு அடுத்தவங்க வீட்டுக் கதவைத் திறந்து போடச் சொல்றது நியாயம் இல்ல.

சரியான தீர்வு: டூலை அச்சகத்தோட சொந்த டொமைனுக்குக் கீழே ஒரு சப்-டொமைனுக்கு மாத்தினோம். இப்போ ரெண்டும் ஒரே சைட், குக்கியும் சொந்தக் குக்கி. ஏஜென்டுகள் ஒரு செட்டிங்கையும் தொட வேண்டியதில்ல.

உங்க குக்கி நிக்கலன்னா இதையும் பாருங்க. சேம்சைட் நன்-னு போட்டா கூடவே செக்யூர் இருக்கணும், இல்லன்னா குரோம் 2020-ல இருந்து ஏத்துக்காது. செக்யூர் போட்ட குக்கிக்கு எச்டிடிபிஎஸ் வேணும். டொமைன் பேர்ல ஒரு எழுத்து தப்பினாலும் குக்கி விழாது. 4096 பைட்டுக்கு மேல போகாதீங்க. எக்ஸ்பயர்ஸ்ல இந்திய நேரத்தைக் குழப்பிக்காதீங்க, மேக்ஸ்-ஏஜ் சுலபம்.

கடைசியா ஒண்ணு. யாராவது "வேலை செய்யல"ன்னு சொன்னா, "எங்களுக்கு வருதே"ன்னு பதில் சொல்லாதீங்க. எந்த போன், எந்த பிரவுசர்னு கேளுங்க. பாதி விடை அங்கேயே கிடைச்சுடும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.