அம்மாவுக்கு ஓர் இடம்



முதியோரைச் சிறப்பிக்க, சிட்னியின் இந்த வென்ட்வொர்த்வில் மண்டபத்தில் கூடியிருக்கிறோம். சற்று முன் பொன்னாடை போர்த்தினோம், காலில் விழுந்து ஆசி வாங்கினோம். அப்போது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அப்பாக்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு இதே நாளில் இங்கே இருப்பார்கள்? நான் சாவைப் பற்றிக் கேட்கவில்லை, விசாவைப் பற்றிக் கேட்கிறேன்.

என் வீட்டுச் சமையலறையில் ஓர் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து என் அம்மா கொண்டுவந்த எவர்சில்வர் பெட்டி. வருகையாளர் விசாவில் வந்து தங்கி, கெடு முடிந்து ஊருக்குப் புறப்படும் முதல் நாள் ராத்திரி, பெட்டி கட்டுவதற்கு முன்பு அம்மா அந்த அஞ்சறைப் பெட்டியைத்தான் எடுப்பார். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று ஒவ்வொரு கிண்ணத்தையும் விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டுப் போவார். மறுபடி விசா கிடைத்து வந்து இறங்கியதும், கை கால் கழுவிவிட்டு அதே பெட்டியைத் திறந்து பார்ப்பார். போன முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெந்தயம் வச்சது வச்சபடி இருக்கேப்பா, இட்லிக்கு ஒரு தடவைகூட ஊறப் போடலையா?" தான் இல்லாத மாதங்களில் பேரப்பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை என் தாய் அந்தக் கிண்ணங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

அவருக்கு 67 வயது ஆனபோது, 2020-இல், பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். அன்றிலிருந்து வாரம் ஒரு முறையாவது தொலைபேசியில் கேட்பார்: "ஏம்ப்பா, நம்ம டோக்கன் வந்துச்சா?" அவருக்குத் தெரிந்த வரிசை ரேஷன் கடை வரிசை. அங்கே வெயிலில் நின்றிருக்கிறார், பையை வைத்து இடம் பிடித்திருக்கிறார், சண்டையும் போட்டிருக்கிறார். ஆனால் எத்தனை நீளமான வரிசையானாலும், இன்று இல்லாவிட்டால் நாளை நம் முறை வரும் என்ற உறுதி அங்கே இருந்தது. நாம் நிற்கும் இந்த வரிசையில் அந்த உறுதி இல்லை.

கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2024-25ஆம் ஆண்டுக்கு ஆஸ்திரேலியா நிரந்தரக் குடியேற்றத்துக்கு ஒதுக்கிய இடங்கள் 1,85,000. அதில் பெற்றோருக்குக் கிடைத்தவை 8,500. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. உலகத்தின் எல்லா நாடுகளிலிருந்தும் வரக் காத்திருக்கும் எல்லாத் தாய் தந்தையருக்கும் சேர்த்துத்தான் அந்த 8,500. வரிசையில் நிற்பவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். இன்று முதல் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இருப்பவர்களை உள்ளே விடக் குறைந்தது 12 ஆண்டு ஆகும்.

அந்த வரிசையும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று, பங்களிப்புப் பெற்றோர் விசா. 2003-இல் வந்தது. முதல் தவணையைக் கட்டி விண்ணப்பித்து, விசா கைக்கு வரும் நேரத்தில் ஒருவருக்கு 43,600 டாலர் இரண்டாம் தவணை கட்ட வேண்டும். அம்மா அப்பா இருவருக்குமாக 87,200 டாலர். அத்தனை பணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாலும் புதிதாக விண்ணப்பிப்பவர் 12 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மற்றொன்று, அந்தப் பெரும்பணம் கேட்காத சாதாரணப் பெற்றோர் விசா. அதற்கு 30 ஆண்டுக்கு மேல். இதை நான் சொல்லவில்லை, குடியேற்றத்தை நடத்தும் அரசுத் துறையே தன் மதிப்பீடாக அறிவித்திருக்கிறது.

65 வயதில் ஒரு தாய் விண்ணப்பித்தால், எவ்வளவு சீக்கிரம் என்றாலும் பணம் உள்ள வீட்டில் 77 வயதில் விசா வரும். பணம் இல்லாத வீட்டில் 95 வயதில் வரும். அன்பர்களே, 95 வயதில் வருகிற கடிதத்தை யார் பிரித்துப் படிப்பது?

இடைப்பட்ட காலத்தில் என்ன செய்கிறோம்? வருகையாளர் விசாவில் அழைத்து வருகிறோம். ஒரு முறைக்கு அதிகம் போனால் 12 மாதம், பிறகு வெளியே போக வேண்டும். 2019-இல் தற்காலிகப் பெற்றோர் விசா ஒன்று வந்தது. தொடங்கியபோது மூன்று ஆண்டுக்கு 5,000 டாலர், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலர் கட்டணம். எல்லாம் சேர்த்து 10 ஆண்டுதான் உச்சவரம்பு. 70 வயதில் வந்தவர் 80 வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். எந்த வயதில் பிள்ளையின் கை மிக அதிகம் தேவைப்படுகிறதோ, அந்த வயதில் அந்தக் கையை விடச் சொல்கிற விசா அது.

இங்கே இருந்தபடியே விண்ணப்பித்த முதியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது இடைக்கால விசா. மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு நம் ஊர்ப் பெற்றோருக்குக் கிடையாது. ஊரில் கூடப்பிறந்த அண்ணன் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், போய்த் திரும்புவதற்கென்று தனியே ஒரு பயண அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தாளுக்கு அலைந்து முடிப்பதற்குள் ஊரில் காரியம் முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் வரிசையில் நிற்கவே முடியாதவர்கள் வேறு இருக்கிறார்கள். குடும்பச் சமநிலை என்று ஒரு விதி உண்டு. பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும், அல்லது வேறு எந்தத் தனி நாட்டிலும் இருப்பதைவிட இங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். ஒரே ஊரில் பிள்ளைகள் வாழும் குடும்பத்தை நினைத்து எழுதிய விதி போலிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மூன்று பிள்ளைகள். 1983-க்குப் பிறகு இலங்கையில் வந்த கொடிய போர் ஆண்டுகள் ஒருவனை டொராண்டோவுக்கும், ஒருத்தியை லண்டனுக்கும், கடைக்குட்டியைச் சிட்னிக்கும் விரட்டின. இந்த விதிப்படி அந்தத் தாய் இங்கே வரத் தகுதியற்றவர். மூன்றில் ஒன்று பாதி ஆகாது, மற்ற நாடுகளைவிட அதிகமும் ஆகாது. போர் பிரித்துப்போட்ட பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, உன் கணக்குச் சரியாக வரவில்லை அம்மா என்று சொல்வது நியாயமா?

இன்னொன்றும் உண்டு. மருத்துவப் பரிசோதனையின் முடிவை விசா கொடுக்கும் கட்டத்தில்தான் பார்க்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது நன்றாக நடமாடிய மனிதர், பன்னிரண்டு பதினைந்து ஆண்டு வரிசையில் நின்று சிறுநீரகம் தளர்ந்துபோன பிறகு, உடல்நலம் போதவில்லை என்று மறுக்கப்படலாம். வரிசைதான் அவரை முதியவராக்கியது. அந்த முதுமையையே குற்றமாகக் காட்டி வாசலில் நிறுத்துகிறார்கள்.

இந்த நிலை தெரியாமல் வந்ததல்ல. 2014-இல் பெரும்பணம் கேட்காத பெற்றோர் விசாவை அன்றைய அரசு மூடியது. சில மாதங்களிலேயே செனட் சபை அந்த ஆணையைத் தள்ளி, கதவைத் திறக்க வைத்தது. கதவு திறந்தது, இடங்கள் பெரிதாகக் கூடவில்லை. 2023-24 கணக்கிலும் இருந்த 8,500-இல் 6,800 பங்களிப்பு விசாவுக்குப் போக, மற்றதற்கு மிஞ்சியவை 1,700 தான். 2023-இல் மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையிலான குழு குடியேற்ற முறையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வராமலே போகக்கூடிய ஒரு விசாவுக்கு மக்களை விண்ணப்பிக்க விடுவது கொடுமை, தேவையற்றதும்கூட என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. கொடுமை என்று அரசு அமைத்த குழுவே சொன்ன பிறகும், வரிசை நேற்றைவிட இன்று நீளமாகத்தான் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் சொல்வது மேடைக்கு அழகு. முதியவர்கள் வந்தால் மருத்துவச் செலவு, ஓய்வூதியச் செலவு என்கிறார்கள். உற்பத்தித்திறன் ஆணையம் 2016-இல் ஒரு கணக்குப் போட்டது. நிரந்தரமாக வரும் ஒரு பெற்றோரால் அவர் வாழ்நாளில் அரசுக்கு ஆகும் நிகரச் செலவு 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை என்றது. சிறிய தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வரி கட்டும் மற்றவர்கள் இதைக் கேட்பதில் தவறும் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் வராத வரவும் இருக்கிறது. பாட்டி வீட்டில் இருப்பதால் இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்கள் கை தொட்டுப் பிழைத்த நோயாளியின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள்? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். அந்தத் தமிழை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி மட்டுமா காப்பாற்றியது? சோறு ஊட்டிய பாட்டியின் வாயிலிருந்து வந்த தமிழ் அது. இந்த மேடையில் சற்று முன் திக்காமல் பேசிய அந்தச் சிறுமியைக் கேளுங்கள், யாரிடம் கற்றாள் என்று சொல்வாள்.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனின் கதை உங்களுக்குத் தெரியும். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த மன்னன், பாண்டிய நாட்டில் வாழ்ந்த பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. சுற்றி இருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். இடம் ஒதுக்கப்பட்டது, பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார். முகம் பாராத நண்பனுக்கு இடம் வைத்த பண்பாட்டில் வந்த நாம், பெற்றெடுத்த தாய்க்கு இடம் கேட்பதில் என்ன கூச்சம்? பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி வளர்த்தார்கள். எங்கள் அம்மாக்களுக்குப் பூமி வேண்டாம். பேரன் படுக்கும் அறையில் ஒரு கட்டில் போதும்.

ஆகவே நாம் கேட்பது நான்கு.

முதலாவது, உண்மையைச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும், இத்தனை பேர் முன்னே இருக்கிறார்கள், இத்தனை ஆண்டு ஆகும் என்று ஆண்டுதோறும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இரண்டாவது, தேங்கிக் கிடப்பதைத் தீர்க்கச் சில ஆண்டுகளுக்காவது இடங்களைக் கூட்டுங்கள். 75 வயதைத் தாண்டியவர்களை முதலில் அழையுங்கள்.

மூன்றாவது, தற்காலிக விசாவின் 10 ஆண்டு வரம்பை எடுத்துவிடுங்கள். பிள்ளை இங்கே இருக்கும்வரை பெற்றோரும் இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டை நாங்கள் கட்டுகிறோம். ஓய்வூதியம் கேட்கவில்லை. அரசின் செலவுக் கணக்குக்கு நாம் தரும் பதில் இதுதான்.

நான்காவது, போரால் சிதறிய குடும்பங்களுக்குச் சமநிலை விதியைத் தளர்த்துங்கள்.

அரசிடம் கேட்டாயிற்று. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. குழந்தை பிறந்தால் அம்மாவை அழைக்கிறோம், குழந்தை பள்ளிக்கூடம் போனதும் விசா முயற்சியைத் தளர விடுகிறோம். அப்படிச் செய்பவர்கள் நம்மில் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்பதைச் சாக்காக வைத்து, ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு தராத நாட்களை நாம் விடுப்பெடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வருவோம். இந்த ஆண்டே போங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் பின்புறம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், தாளும் பேனாவும் உறையும் வைத்திருக்கிறோம். உதவி செய்ய இளைஞர்கள் நிற்கிறார்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லுங்கள், அவர்கள் எழுதித் தருவார்கள். இந்த நாட்டில் தமிழ் பேசும் நம் எண்ணிக்கை எத்தனை என்று நான் சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் எழுத வேண்டாம், இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் எழுதினாலே நம் உறுப்பினர்களின் மேசை நிறையும். விதி எண்ணையும் விசா எண்ணையும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிதத்தின் முதல் வரியில் உங்கள் அம்மாவின் பெயரையும், அவருடைய வயதையும், எந்த ஆண்டிலிருந்து காத்திருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.