திறக்காத கோப்பும் படிக்க முடியாத எழுத்தும்

(இடக்கொச்சி அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இணையத்திலிருந்து ஒரு ஸ்லோகப் புத்தகத்தை இறக்கிக்கொள்கிறோம். சில சமயம் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே மறுக்கிறது. சில சமயம் திறந்து, கட்டமும் கோணல் குறியுமாகக் காட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று அநேகர் அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை.

திறக்கவே மறுத்தால், கோப்பின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துக்களைப் பாருங்கள். மூடும்போது மட்டும் சேமிக்கக் கூடாது. சதவீதக் குறியும் 'பிடிஎஃப்' என்ற எழுத்துக்களும் இருந்தால் அது பிடிஎஃப்தான். 'பிகே' என்றிருந்தால் ஜிப் கட்டு. 1989இல் அம்முறையைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துக்கள் அவை. இன்றைய வேர்ட் கோப்பும் ஈபப் புத்தகமும்கூட உள்ளே ஜிப் கட்டுதான். பழைய நூல்களின் ஸ்கேன் சில டேஜாவூ முறையில் இருக்கும். சுமத்ரா பிடிஎஃப் என்ற இலவச நிரல் அதைக் காட்டும். பஜனைப் பாட்டு என்று வந்த கோப்பின் பெயர் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் தொடவே வேண்டாம். அது பாட்டல்ல, நிரல்.

இனி எழுத்து விஷயம். இதுதான் நமக்கு முக்கியம். கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஒரு எண். யூனிகோடு பரவுமுன் ஆளுக்கொரு எண்முறை இருந்தது. திஸ்கியில் 'த' 190ஆம் எண், யூனிகோடில் 2980. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு முறைகளை ஏற்றது. 2010இல்தான் யூனிகோடுக்கு ஆணை வந்தது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகாலக் கோப்புகளும் யூனிகோடில் இல்லை, பிறகே மாற்றினார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். 'தமிழ்' என்ற சொல் முக்கால் பின்னக் குறியில் தொடங்கினால் திஸ்கி. ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பாமினி. முறை தெரிந்துவிட்டால், யூனிகோடாக்கும் மாற்றி நிரல்கள் உண்டு.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? வம்சாவளி, சிராத்தப் பிரயோகம், அகத்துப் பாட்டிகள் பாடிய கல்யாணப் பாட்டு என்று இருபத்தைந்து வருஷம் முன்பு பலர் பொறுமையாகத் தட்டச்சு செய்து சிடியில் வைத்தார்கள். எந்த எழுத்துரு என்பது தட்டச்சு செய்தவருக்கு மட்டுமே ஞாபகம். அவர்களில் பலர் என் வயதுக்காரர்கள்.

மேலும், இங்கே நம் பேரக் குழந்தைகள் பலருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். யூனிகோடில் இருந்தால், அக்ஷரமுகா போன்ற கருவி ஒரு நொடியில் மலையாள லிபியாக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: தமிழில் ஒரே 'க' நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. மேலே 2, 3, 4 என்று எண் இடாத ஸ்லோகத்தை மாற்றினால் உச்சரிப்பு தவறும். மாற்றியதை ஒரு வாத்யார் பார்த்த பிறகே குழந்தை கையில் கொடுங்கள்.

பழைய சிடி இருப்பவர்கள் முதலில் அதிலுள்ளதை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். எழுத்துருக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து. பிறகு தட்டச்சு செய்தவருக்கு ஒரு போன் போட்டு எழுத்துருவின் பெயரைக் கேட்டு, சிடி உறைமேலேயே எழுதிவிடுங்கள்.