லிதுவேனியாவின் கிளைடர்கள்



ஆகாய விமானத்தின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் கண்ணில் முதலிற் படுவன பெரிய நாடுகளே. அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து, ருஷியா என்னும் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இதில் வியப்பில்லை. விமானம் என்றால் இயந்திரம் வேண்டும். இயந்திரம் என்றால் எஃகும், எண்ணெயும், பெருந்தொழிற்சாலையும், பெரும்பொருளும் வேண்டும். இவை இல்லாத நாட்டுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்குத் தன் செயலால் விடை கூறிய ஒரு சிறு நாட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்நாடு லிதுவேனியா. ஐரோப்பாவின் வடகிழக்கே, பால்டிக் கடலோரத்தில் உள்ளது. இன்று அதன் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. அந்நாட்டார் 1930களிலிருந்து கிளைடர் எனப்படும் சறுக்கு விமானங்களை வடிவமைத்தும் கட்டியும் வருகின்றனர். இடையில் அவர்கள் நாட்டை இழந்தார்கள். பறக்கும் களத்தை இழந்தார்கள். எனினும் அக்கலையை இழக்கவில்லை. அஃது எவ்வாறு இயன்றது என்பதே நாம் இன்று ஆராய வேண்டிய பொருள்.

முதலில், கிளைடர் பறப்பது எப்படி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மிதிவண்டியில் ஏறிச் சரிவான பாதையில் இறங்குகிறீர்கள். மிதிக்க வேண்டியதில்லை, வண்டியின் பளுவே அதனை முன்னோக்கிச் செலுத்துகிறது. கிளைடரும் அத்தகையதே. அஃது எப்பொழுதும் காற்றினூடே கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் எத்தனை கிலோமீட்டர் முன்னே செல்கிறதோ, அந்த விகிதமே அதன் தரத்தை அளக்கும் கோல். இதனைச் சறுக்கு விகிதம் என்போம்.

அப்படியானால், கிளைடர் மணிக்கணக்காக வானில் நிற்பது எங்ஙனம்? பருந்தைக் கவனித்திருப்பீர்கள். அது சிறகடிக்காமலே வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போகிறது. வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக் காற்று எழும்புகிறது. பருந்து அதற்குள் நின்று சுற்றுகிறது. கிளைடர் இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் மிகுதியானால், கிளைடரும் காற்றோடு உயர்கிறது. மற்றொரு வழியும் உண்டு. வீசுகின்ற காற்று ஒரு குன்றின் சரிவில் மோதினால் மேல்நோக்கித் திரும்பும். அச்சரிவின் மேலே முன்னும் பின்னுமாகப் பறந்துகொண்டிருந்தால், காற்று உள்ளவரை கீழே இறங்க வேண்டியதில்லை.

இந்த இரண்டாம் வழியே லிதுவேனியாவின் கதைக்குத் தொடக்கம். அந்நாட்டின் கடலோரத்தில், ஏறத்தாழ 98 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய மணற்கரை ஒன்று இருக்கிறது. ஒரு புறம் பால்டிக் கடல், மறு புறம் காயல். நடுவே மரம் அடர்ந்த பகுதிகளும் வெறும் மணற்குன்றுகளும். கூர்ஷிய மணற்கரை என்று அதனை அழைக்கிறார்கள். கடற்காற்று அக்குன்றுகளில் மோதி மேலெழுகிறது. விழுந்தால் மணலில் விழலாம். கற்போருக்கு இதனினும் ஏற்ற இடம் வேண்டுமோ!

அம்மணற்கரையின் தென்பாதி அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் இயந்திர விமானத் துறையில் கடுமையான தடைகளுக்கு உட்பட்டது. ஆகவே ஜெர்மானிய இளைஞர்கள் இயந்திரமில்லாப் பறப்பில் முனைந்தனர். மணற்கரையிலுள்ள ரொசிட்டன் என்னும் ஊரில், 1924ஆம் ஆண்டில், பெர்டினாண்டு ஷுல்ஸ் என்பவர் தம் கையாலேயே கட்டிய எளிய கிளைடரில் 8 மணி 42 நிமிடம் பறந்து உலகச் சாதனை புரிந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

அதே மணற்கரையின் வடபாதி 1923 முதல் லிதுவேனியாவின் ஆட்சியில் இருந்தது. 1930களின் தொடக்கத்தில், அங்குள்ள நிடா என்னும் செம்படவர் ஊரில் லிதுவேனியர் தமக்கென ஒரு கிளைடர்ப் பள்ளியை நிறுவினர். இளைஞர் சிலர் ரப்பர்க் கயிற்றின் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு சரிவில் ஓடுவர். கயிறு விறைத்ததும் கிளைடரை விடுவிப்பர். கவணிலிருந்து எறிந்த கல்லைப் போல் அது காற்றில் ஏறும். ஒருவன் பறக்கப் பலர் ஓட வேண்டும். இறங்கிய கிளைடரை மீண்டும் குன்றின் மேலே இழுத்து வரவும் பலர் வேண்டும். ஆகவே கிளைடர்ப் பள்ளி என்பது தொடக்கத்திலேயே கூட்டு உழைப்பின் பள்ளியாய் இருந்தது.

அந்நாளைய லிதுவேனியாவின் நிலையையும் நாம் மறத்தலாகாது. 1918ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற இளங்குடியரசு அது. விமானப் படையின் பொறியியல் வல்லுநரான அந்தானாஸ் குஸ்தைதிஸ் என்பவர் 'ஆன்போ' என்னும் வரிசையில் சிறந்த விமானங்களை வடிவமைத்தார். அவருடைய விமானங்கள் மூன்று 1934ஆம் ஆண்டில் ஐரோப்பாவையே சுற்றி வந்தன. ஆனால் அவற்றின் இயந்திரங்கள் அயல்நாட்டிலிருந்து வாங்கப்பட்டவை. 1933ஆம் ஆண்டில் ஸ்தெபோனாஸ் தாரியுஸ், ஸ்தாசிஸ் கிரேனாஸ் என்னும் இரு வீரர் நியூயார்க்கிலிருந்து கௌனாஸ் நகரை நோக்கி அட்லாண்டிக் கடலைக் கடந்து பறந்தார்களே, அவ்விமானம் அமெரிக்காவில் பயன்பட்டுப் பழகிய ஒன்று. அங்குக் குடியேறிய லிதுவேனியரின் நன்கொடைகள் அப்பயணத்தைத் தாங்கின. கடலைக் கடந்த அவர்கள், தாயகத்தை எட்டுமுன் ஜெர்மானிய நிலத்தில் விமானம் விழுந்து உயிர் நீத்தனர். நாடே அழுதது. இயந்திரம் எத்துணை அரிய பொருளாய் அவர்களுக்கு இருந்தது என்பதை இவை காட்டும். கிளைடருக்கோ மரமும், ஒட்டுப்பலகையும், பசையும், துணியும் போதும். அவற்றோடு பொறுமையும் கணக்கும் வேண்டும்.

இந்தப் பொறுமையும் கணக்கும் வாய்ந்த இளைஞர் ஒருவர் 1930களில் தம் முதற் கிளைடர்களை வடிவமைத்தார். அவர் பெயர் பிரோனியுஸ் ஓஷ்கினிஸ்; 1913ஆம் ஆண்டிற் பிறந்தவர். தம் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'பிரோ' என்று தம் கிளைடர்களுக்குப் பெயரிட்டு, வரிசை எண்ணும் இட்டார். தாமே வரைவது, தாமே கட்டுவது, தாமே பறப்பது, பிறகு பிறருக்குக் கற்பிப்பது என்பது அவர் நெறி.

இந்நிலையில் புயல் வந்தது. 1939 மார்ச்சு மாதத்தில், ஜெர்மனி லிதுவேனியாவை அச்சுறுத்திக் கடற்கரைப் பகுதியைக் கவர்ந்துகொண்டது. அதனோடு நிடாவும் அதன் மணற்குன்றுகளும் போயின. 1940இல் சோவியத் படை நாட்டினுட் புகுந்தது. 1941இல் ஜெர்மானியப் படை வந்தது. 1944இல் மீண்டும் சோவியத் ஆட்சி. முன்னர்க் குறிப்பிட்ட குஸ்தைதிஸ் 1941ஆம் ஆண்டில் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் பெயரும் கொடியும் மாறின. பள்ளி இல்லை, களம் இல்லை, தலைவரும் இல்லை.

எஞ்சியது யாது? கற்றுக்கொண்ட கைகள் எஞ்சின. ஓஷ்கினிஸ் உயிரோடிருந்தார். அவர் இழந்ததை எண்ணி வாளாவிருக்கவில்லை, மாணவர்களைத் தேடினார். 1950களின் தொடக்கத்தில் 'வெட்டுக்கிளி' என்று பொருள்படும் பெயர் பூண்ட பிரோ-9 என்னும் எளிய கிளைடரை அமைத்தார். 1954ஆம் ஆண்டில் அதனினும் சிறந்த பிரோ-11 தோன்றியது. சிறுவர் ஏறிப் பயில்வதற்கென்றே அமைந்தது அது.

இதன் அமைப்பில் ஒரு நுட்பத்தை நீங்கள் அறிய வேண்டும். பழகாத மாணவன் அஞ்சும்போது என்ன செய்வான்? கைப்பிடியைத் தன்பால் இழுப்பான். கிளைடரின் மூக்கு நிமிரும், வேகம் குறையும், ஓரெல்லைக்குமேல் இறக்கை தூக்கும் ஆற்றலை இழந்துவிடும், கிளைடர் விழும். ஓஷ்கினிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். இறக்கையின் பின்விளிம்பு நெடுகிலும் அசையும் மடலொன்றை வைத்து, அதனை வாற்சிறகின் கட்டுப்பாட்டோடு இணைத்தார். மாணவன் கைப்பிடியை இழுக்கும்போது அம்மடலும் உடன் தாழ்கிறது. தூக்கும் விசை மிகுகிறது. கிளைடர் மெல்லப் பறந்து, மெல்ல இறங்குகிறது. அஞ்சாதே என்று மாணவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. அவன் அஞ்சுவான் என்பதை முன்னரே உணர்ந்து, அந்த அச்சம் அவனைக் கொல்லாதவாறு கருவியை அமைப்பதன்றோ ஆசிரியத் திறமை? கற்பிக்கும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், இவ்வொரு மடலுக்காகவே அவரை நான் ஆசிரியர் என்று வணங்குவேன்.

பிரோ-11 ஒருவர் மட்டுமே அமரும் கிளைடர். முதலில் தரையில் சில அடி, பிறகு ஆளுயரம், பிறகு குன்றின் உயரம். எந்தப் படியிலும் மாணவன் தனியே பறக்கிறான், செலுத்துபவன் அவனே. இதன் திருத்திய வடிவம் 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிட்டுக்குருவி போன்றதொரு சிறு பறவையின் பெயரைத் தாங்கிய அக்கிளைடர், சோவியத் ஒன்றியம் முழுவதும் பரவிப் பல சிறுவர்களுக்கு முதற் சிறகாயிற்று. சிறிய அடிமை நாடு, ஆளும் பெரிய நாட்டின் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது! ஓஷ்கினிஸ் 1985ஆம் ஆண்டிற் காலமானார்.

இனி இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவினர் 'பீனிக்ஸ்' என்னும் கிளைடரை மரத்தால் அன்றிக் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த பொருளாற் கட்டிப் பறக்கவிட்டனர். மரத்தை எத்துணை இழைத்தாலும் சற்று மேடுபள்ளம் இருக்கும். அச்சில் வார்த்த கண்ணாடியிழை கண்ணாடி போல் வழவழப்பாயிருக்கும். காற்றின் தடை குறையும். சறுக்கு விகிதம் உயரும். உலகெங்கும் கிளைடர் அமைப்போர் இவ்வழியிற் திரும்பினர்.

லிதுவேனியரும் இதனைக் கைக்கொண்டனர். கௌனாசுக்குத் தெற்கே, நேமுனஸ் ஆற்றங்கரையில் பிரியெனாய் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு 1969ஆம் ஆண்டில் கிளைடர்களுக்கான சோதனைத் தொழிற்சாலை தொடங்கிற்று. பாலிஸ் கர்வேலிஸ் என்னும் மூத்த வடிவமைப்பாளரின் பி.கே.-7 என்னும் கிளைடர் 1972ஆம் ஆண்டிற் பறந்தது. சோவியத் நாட்டில் கண்ணாடியிழையால் உருவான முதற் கிளைடர்களுள் அஃது ஒன்று. அதற்கு அவர்கள் இட்ட பெயரைக் கேளுங்கள்: 'லியெதுவா'. அஃதாவது, அவர்கள் மொழியில் லிதுவேனியா! மேடையில் உரக்கக் கூறுதற்கு அரிதாயிருந்த நாட்டின் பெயரை வானத்தில் எழுதிவிட்டனர்.

அதன் வழித்தோன்றலாக 'லாக்' வரிசை எழுந்தது. லிதுவேனிய விமான வடிவமைப்பு என்று பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகளே லாக் ஆயின. 1979 டிசம்பரில் லாக்-12 பறந்தது. அதன் இறக்கை முனைக்கு முனை 20 மீட்டருக்கும் சற்று மிகுதி. சறுக்கு விகிதம் ஏறத்தாழ 48. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், அசையாத காற்றில் 48 கிலோமீட்டர் செல்லும் என்பது கணக்கு. இறக்கைக்குள் நீரை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பளு கூடினால் கிளைடர் விழாதோ என்பீர்கள். சறுக்குச் சரிவு மாறுவதில்லை; வேகமே மிகுகிறது. போட்டியில் விரைந்து செல்ல இது பயன்படும். இறங்குமுன் நீரைத் திறந்துவிடுவர். இவ்வகைக் கிளைடர்கள் 200க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

1990 மார்ச்சு 11ஆம் நாள் லிதுவேனியா மீண்டும் விடுதலை அறிவித்தது. நாட்டுக்கு நற்காலம் வந்தது. தொழிற்சாலைக்கோ சோதனைக் காலம் வந்தது. முன்பு கிளைடர்களை வாங்கிய சோவியத் விமானச் சங்கம் மறைந்தது. உலகச் சந்தையில் ஜெர்மானிய நிறுவனங்கள் முன்னணியில் நின்றன. இன்றும் அவையே முன்னிற்கின்றன என்பதை மறைக்க வேண்டா. எனினும் பிரியெனாய்த் தொழிலாளர் கலையைக் கைவிடவில்லை. 1992ஆம் ஆண்டில் லாக்-17 பறந்தது. கரியிழையைப் பயன்படுத்திய இக்கிளைடர் பல நாடுகளிலும் விலைபோயிற்று. பின்னாளில் இதன் மூக்கில் சிறு மின் இயந்திரம் ஒன்றும் பொருத்தப்பட்டது. ஏறுகாற்று கிட்டாதபோது வயலில் இறங்காமல் வீடு திரும்ப அஃது உதவும். 2016ஆம் ஆண்டில் உலகக் கிளைடர்ப் போட்டி பிரியெனாய்க்கு அருகிலுள்ள பொச்சூனாய் விமானக் களத்திலேயே நடைபெற்றது.

மாணவ நண்பர்களே! இந்த வரலாற்றில் நிகழ்ச்சிகளின் வரிசையை உற்று நோக்குங்கள். மணற்குன்றில் பள்ளி முதலில் வந்தது. அப்பள்ளிக் காலத்து ஆர்வத்தில் வடிவமைப்பாளர் தோன்றினர். அவர்கள் சிறுவர்களைப் பயிற்றினர். தொழிற்சாலையோ அதற்கு வெகு காலத்துக்குப் பின் வந்தது. தொழிற்சாலையை மட்டும் வைத்திருந்தால், 1939இலோ 1940இலோ கதை முடிந்திருக்கும். கட்டடத்தைப் பறித்துக்கொள்ளலாம், குன்றைப் பறித்துக்கொள்ளலாம், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டேயிருக்கும் திறமையைப் பறிப்பது எளிதன்று.

கிளைடர் எப்பொழுதும் இறங்கிக்கொண்டேயிருக்கிறது என்று தொடக்கத்தில் கூறினேன். ஏறுகாற்று எங்கே இருக்கிறதென்று அறிந்து, அங்கே போய்ச் சேருகிறவனே உயர்கிறான். அதனை அறிவதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு ஓர் ஆசிரியரும், கயிற்றைப் பிடித்து ஓடத் தோழர்களும் வேண்டும். லிதுவேனியர் இவ்விரண்டையும் எக்காலத்தும் விட்டாரில்லை.