பயணத்தை நிறைவு செய்தல்

(அறக்கட்டளை விழாவின் மாணவர் அமர்வில் ஆற்றிய உரை)

 

‘மாணவரும் பயணமும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பயணத்தைத் தொடங்குவதைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் அதை நிறைவு செய்வதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, நண்பர் இருவர் மூவராகச் சேர்ந்து, குறைந்த செலவில் ஊர் ஊராகச் சுற்றி வருவது இன்று மாணவரிடையே பரவியிருக்கும் வழக்கம். ஹம்பி, காசி, ரிஷிகேசம், மணாலி, லே என்று வரிசை நீளும். சிலர் நேபாளம் வரையிலும் சென்று வருகின்றனர். இதை நான் மனமார வரவேற்கிறேன். மொழி தெரியாத ஊரில் வழி கேட்கவும், கையிருப்பை எண்ணிச் செலவிடவும், அயலாரோடு ஒத்துப் போகவும் அந்தப் பை கற்றுத்தருகிறது.

ஆனால், அவ்வாறு செல்வோருள் பலர் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுச் சென்றவர்கள். வழியில் செல்பேசியில் செய்தி வருகிறது. ஒரு பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. மற்றொன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. வேறொன்று இடம் தந்திருக்கிறது, ஆனால் கட்டணத்துக்கு வழி தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் எல்லாரும் கேட்பார்கள்; என்ன விடை சொல்வது? இந்தத் தயக்கத்தில் இன்னும் ஓர் ஊர், இன்னும் ஒரு வாரம் என்று பயணம் நீள்கிறது. மகிழ்ச்சிக்காகத் தொடங்கிய பயணம் மறைவிடமாக மாறிவிடுகிறது. இவர்களை எண்ணியே இன்று பேச வந்தேன்.

இவர்களுக்கு ஒரு மூத்த மாணவரை அறிமுகப்படுத்துகிறேன். அவர் சீன நாட்டுத் துறவி யுவான் சுவாங். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய பழைய ஓவியம் ஒன்று இருக்கிறது. முதுகில் உயரமான ஒரு சுமை; அதில் அடுக்கடுக்காக ஏட்டுச் சுருள்கள். முதுகுப்பை சுமந்த மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறில்லை.

முப்பது வயதை எட்டும் முன்பே, கி.பி. 629-ஆம் ஆண்டளவில், அரசின் இசைவு இல்லாமலேயே அவர் சாங்கான் நகரை விட்டுப் புறப்பட்டார். பாலையையும் பனிமலையையும் கடந்து நாளந்தாவை அடைந்து சீலபத்திரர் என்னும் பேராசிரியரிடம் யோகாசார நூல்களைப் பாடம் கேட்டார். பின்பு தெற்கு நோக்கி நடந்தார். ஈழத்துக்குச் சென்று அங்குள்ள அறிஞர்களிடம் மேலும் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கி.பி. 640-ஆம் ஆண்டளவில், பல்லவர் ஆட்சிக்காலத்தில், காஞ்சி மாநகர் வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஈழத்துக்குக் கடல்வழியாக மூன்று நாள் பயணமே எஞ்சியிருந்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

காஞ்சி நமக்கு அயலூர் அன்று. திருப்பருத்திக்குன்றம் நம் இல்லங்களில் வழங்கும் பெயர். இந்நாட்டு மக்கள் கல்வியைப் போற்றுகிறவர்கள் என்றும், இங்கே நிர்க்கந்தர் பலர் வாழ்கின்றனர் என்றும் யுவான் சுவாங் எழுதிவைத்தார். அவருடைய ஆசிரியராகிய சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் பிறந்ததும் இதே காஞ்சியில்தான். இங்கிருந்து வடக்கே சென்று நாளந்தாவின் தலைமையை ஏற்றவர் அவர். வெளியூர் சென்று படிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதை இதனால் அறியலாம்.

காஞ்சியில் யுவான் சுவாங்கை எதிர்கொண்டது ஏமாற்றம். ஈழத்து மன்னர் இறந்துவிட்டார். நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவின. அங்கிருந்து முந்நூறு துறவியர் காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தனர். பதினோராண்டு நடந்து வந்தவர், மூன்று நாள் தொலைவில் கதவு அடைபட்டதைக் கண்டார்.

அவர் என்ன செய்தார் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். தாம் ஈழத்தில் எதைக் கற்க விரும்பினாரோ அதையே அந்தத் துறவியரிடம் வினவினார். அவர்கள் தந்த விளக்கம் சீலபத்திரர் தந்ததைக் கடந்து செல்லவில்லை. தாம் தேடிய பொருள் தம்மிடம் முன்பே இருக்கிறது என்று தெளிந்தார். கடல்வழி திறக்கும் வரை காஞ்சியில் நாளைக் கழிக்கவில்லை. திரும்பும் திசையில் நடக்கத் தொடங்கினார்.

மாணவர்களே, இதுவே முதல் பாடம். நீங்கள் விரும்பியது ஒரு நாட்டையா, ஒரு கல்வியையா? இந்த வினாவை உங்களுக்குள் நேர்மையாகக் கேளுங்கள். கல்வியை விரும்பியிருந்தால், அதைத் தரக்கூடிய வேறு ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள்; நம் நாட்டிலேயே இருக்கக் கூடும். நாட்டை மட்டும் விரும்பியிருந்தால், உங்களுக்காகக் குடும்பம் அடமானம் வைக்கவிருக்கும் நிலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

யுவான் சுவாங் திரும்பிய வழியில் இன்னும் மூன்று பாடங்கள் உண்டு. சிந்து நதியைக் கடக்கும்போது புயலில் படகு தத்தளித்து, ஏறத்தாழ ஐம்பது ஏட்டுக்கட்டுகள் நீரோடு போயின. அவர் இழந்தவை எவை எனக் கணக்கிட்டார். ஆளனுப்பிப் படி எடுத்துவரச் செய்தார். அது வந்து சேரும்வரை ஐம்பது நாட்களுக்கு மேல் அங்கே தங்கினார். பின்பு கோத்தானை அடைந்ததும், இசைவின்றிப் புறப்பட்டதை மறைக்காமல் பேரரசருக்கு மடல் எழுதி, ஒரு வணிகக் கூட்டத்தோடு அனுப்பினார். விடை வரப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அவ்வூர் மக்களுக்குப் பாடம் சொன்னார். கி.பி. 645-இல் 657 நூல்களுடன் சாங்கான் திரும்பினார். மறு ஆண்டிலேயே பயணக் குறிப்பை நூலாக்கி முடித்தார். 664-இல் மறையும்வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது திரும்பி வந்தபின் செய்த இந்தப் பணியால்தான்.

இழந்ததைக் கணக்கிடுதல், உண்மையை எழுதித் தெரிவித்தல், காத்திருக்கும் காலத்தில் பணி செய்தல் ஆகிய இம்மூன்றையும் இன்றைய நிலைக்குப் பொருத்திக் காட்டுகிறேன்.

முதலில் கணக்கு. ஊர் திரும்பும் நாளைப் பயணத்தின் இடையிலேயே குறித்துப் பயணச்சீட்டு எடுத்துவிடுங்கள். இங்கிலாந்துக்கு மாணவர் விசா கேட்பவர், கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உரிய பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்ததைக் காட்ட வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்கு நேரில் செல்ல வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் மதிப்பெண் இரண்டாண்டுக்கே செல்லும். கல்விக்கடன் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும். பத்திரமும் வில்லங்கச் சான்றும் திரட்ட நாட்கள் பிடிக்கும். மலையூரில் கூடுதலாகக் கழிக்கும் மூன்று வாரம், இங்கே ஒரு கல்வியாண்டையே விழுங்கிவிடக் கூடும்.

அடுத்தது மடல். மறுப்பு வந்திருந்தால் அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். இடம் கிடைத்தும் பணம் ஆயத்தமாகவில்லை என்றால், சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க இயலுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இசையா. ஆயினும், கேட்பவருக்கே அந்த வாய்ப்பு உண்டு.

மூன்றாவது பணி. என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் இமாசலப் பிரதேசத்தில் பயணத்தில் இருந்தபோது, ஜெர்மனியிலிருந்து மறுப்பு வந்தது. உடன் சென்றவர்கள் இன்னும் பத்து நாள் சுற்றலாம் என்றனர். அவர் குறித்த நாளில் ஊர் திரும்பினார். பையைப் பிரித்து, துணிகளைத் துவைத்துப் போட்டு, செலவுக் கணக்கைத் தந்தையிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “சாப்பிட்டாயா அம்மா?” என்று மட்டும் கேட்டாராம். இன்று அம்மாணவி இங்கேயே முதுநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்து, மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறார். மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. அது எதுவாயினும் அவருடைய இந்த ஓராண்டு வீணாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பி வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி விசாரணை செய்யாதீர்கள். முதல் நாள் உணவும் உறக்கமும் கொடுங்கள். மறுநாள் அமர்ந்து பேசுங்கள். திருமண வீடுகளில் உறவினர், “எந்த நாட்டுக்குப் போகிறாய்?” என்று கேட்கும்போது, பிள்ளை விடை தேடித் தவிக்கவிடாமல், “இன்னும் முடிவாகவில்லை” என்று நீங்களே இயல்பாகச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் போதும். பிள்ளைகள் நீங்கள் இருக்கும் இடத்துக்கு அஞ்சாமல் வந்து சேர்வார்கள்.

திருக்குறளில் ‘வினைசெயல்வகை’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. முடிக்காமல் எஞ்சவிட்ட செயல் பின்னர்க் கேடு தரும் என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். பயணத்துக்கும் இது பொருந்தும். அடுத்த கதவு திறக்குமா என்பது நம் கையில் இல்லை. நடந்துவந்த வழியை முறையாக நிறைவு செய்வது முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஆகவே, இளையோரே, விரும்பிய இடமெல்லாம் சென்று வாருங்கள். குறித்த நாளில் வீடு திரும்புங்கள். வந்ததும் பையைப் பிரித்து அடுத்த பணியைத் தொடங்குங்கள்.