சுவர்மேல் ஒரு முட்டை: வெக்டர் வடிவங்களில் ஹம்ப்டி டம்ப்டி

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நிகழ்ச்சி நிரலில் இந்த அமர்வுக்கு ‘வரைகலை மென்பொருள்: ஓர் அறிமுகம்’ என்று போட்டிருக்கிறார்கள். அறிமுகத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு ஒரே ஒரு படத்தை உங்களோடு சேர்ந்து வரையலாம் என்று வந்திருக்கிறேன். ஹம்ப்டி டம்ப்டி. ஒன்றாம் வகுப்பு எடுப்பவரும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவரும் இந்த அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருவருக்கும் பயன்படுகிற படமாக இதைத்தான் என்னால் நினைக்க முடிந்தது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு செய்தி. மூன்றாம் வகுப்பில் இந்தப் பாடலை ஒரு சொல் விடாமல், கைகால் அசைவோடு ஒப்பித்த குழந்தைகளிடம் ஒருமுறை, “பாட்டில் வருவதைப் படமாகப் போடுங்கள்” என்று தாளைக் கொடுத்தேன். ஒரு பையன் உருண்டையாக ஓர் உருவம் வரைந்து, அதை நீளமான ஒரு வாலின்மேல் உட்கார வைத்திருந்தான். குரங்கு வால் மாதிரி சுருண்ட வால். இன்னொரு பெண் படத்தின் ஓரத்தில் ஒரு டம்ளர் பால் வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் சுவருக்கு ‘வால்’; விழுவதற்கு ‘ஃபால்’. தமிழ்க் காதுக்கு வாலும் பாலும் வந்து சேர்ந்துவிட்டன. அந்தக் குழந்தைகளைப் பொறுத்தவரை அதில் பிழையே இல்லை. தாங்கள் கேட்டதைத்தான் வரைந்தார்கள். ஒப்பிக்கச் சொல்லியே நிறுத்தியிருந்தால் பத்தாம் வகுப்புவரைகூட அந்த வால் அப்படியே இருந்திருக்கும். குழந்தைக்கு எது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள, கேள்வித்தாளைவிட இந்த மாதிரிப் படம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

அந்தப் பாடலிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹம்ப்டி ஒரு முட்டை என்று அதில் எங்குமே சொல்லப்படவில்லை. அது ஒரு விடுகதை; விடைதான் முட்டை. 1797இல் லண்டனில் சாமுவேல் ஆர்னால்டு என்ற இசைக்கலைஞர் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுப்பில் இது அச்சேறியிருக்கிறது. விழுந்தால் உடையும், உடைந்தால் ஒட்டாது, அது என்ன? இப்படிக் கேட்டால் நம் பிள்ளைகள் நொடியில் சொல்லிவிடுவார்கள். விடையைப் படமாகவே போட்டு முதலில் காட்டிவிட்டதால் விடுகதை செத்துப்போனது. 1871இல் வெளிவந்த லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் ஜான் டென்னியல் வரைந்த ஓவியத்தில் ஹம்ப்டி முட்டையாகவே சுவரில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கதையில் ஆலிஸ், “உங்கள் இடுப்புப் பட்டை அழகாக இருக்கிறது” என்கிற பொருளில் பாராட்டிவிட்டு, அது கழுத்தில் கட்டியதோ என்று தடுமாறுவாள். ஹம்ப்டிக்குக் கோபம் வந்துவிடும். முட்டைக்குக் கழுத்து எது, இடுப்பு எது? வரைய உட்காரும்போது நமக்கும் இதே சிக்கல் வரும்.

இப்போது மென்பொருள். நாம் பயன்படுத்தப் போவது இங்க்ஸ்கேப். 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்து வந்தது, கட்டணம் இல்லை, விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். பெயின்ட்டில் படம் வரைந்திருப்பீர்கள். அதில் படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களில் பூசிய நிறம். ஓர் ஏ4 தாளை நன்றாக அச்சிடும் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் எடுத்தால் 2480க்கு 3508 கட்டங்கள். ஏறக்குறைய 87 லட்சம். பெரிதாக்கினால் கட்டங்கள் பல்லிளிக்கும். வெக்டர் முறையில் கணினி நிறப்புள்ளிகளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வட்டம் என்றால் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, என்ன நிறம், அவ்வளவுதான். அதைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்துகொள்கிறது. அதனால் அஞ்சல் தலை அளவிலும் அச்சிடலாம், பள்ளிச் சுற்றுச்சுவர் அளவிலும் அச்சிடலாம். விளிம்பு கூர்மையாகவே இருக்கும்.

வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நேர்ப்புள்ளிக் கோலத்தில் முதலில் புள்ளி, பிறகு புள்ளிகளை இணைக்கும் இழை. எத்தனை புள்ளி, எந்த வரிசை என்பது நினைவில் இருந்தால் சின்ன வாசலுக்கும் போடலாம், தேரடிக்கும் போடலாம். இங்கே அந்தப் புள்ளிக்குக் கணு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முட்டையிலிருந்து தொடங்குவோம். எஃப் 5 விசையை அழுத்தினால் நீள்வட்டக் கருவி வரும். 100 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரத்தில் ஒரு நீள்வட்டம் இழுங்கள். அளவு சரியாக வராவிட்டால் கவலை வேண்டாம். எஃப் 1 அழுத்தித் தேர்வுக் கருவிக்கு வந்தால் மேலே உள்ள பட்டையில் எண்ணாகவே எழுதிக்கொள்ளலாம். இது முட்டையா? இல்லை. பிள்ளைகளிடம் கேளுங்கள். சத்துணவில் வாங்குகிற முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு முனை கூர், ஒரு முனை மழுங்கல் என்று உடனே சொல்வார்கள். அறிவியல் ஆசிரியர் அந்த மழுங்கிய முனைக்குள் காற்றறை இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட், கண்ட்ரோல் இரண்டோடு சி விசையை அழுத்துங்கள். வடிவம் பாதையாக மாறும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. எஃப் 2 அழுத்திக் கணுக் கருவிக்குப் போனால்தான் தெரியும்: மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு கணுக்கள். இடம், வலம் இரண்டை மட்டும் ஷிஃப்ட் பிடித்துத் தேர்ந்தெடுத்து, கீழ்நோக்கும் அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். மேல்பக்கம் நீண்டு கூராகும்; அடிப்பக்கம் அகன்று மழுங்கும். 12 மி.மீ. போல இறங்கியதும் நிறுத்தினால் முட்டை தயார். சொல்லச் சொல்ல நீளமாக இருக்கிறது, கையில் அரை நிமிட வேலை.

இந்த இடத்தில் கணக்கு ஆசிரியர்கள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். நீள்வட்டத்துக்கு எத்தனை சமச்சீர் அச்சு? இரண்டு. கணுக்களை இறக்கிய பிறகு? ஒன்று. எது போனது, ஏன் போனது? பாடப்புத்தகத்தில் வடிவத்தைக் கொடுத்துவிட்டு அச்சை எண்ணச் சொல்கிறோம். இங்கே மாணவர் கண்முன்னே, அவர் கை அசைவிலேயே, ஓர் அச்சு காணாமல் போகிறது. ஒவ்வொரு கணுவிலும் இருபுறமும் நீண்டிருக்கும் கைப்பிடிகளையும் காட்டுங்கள். அந்தக் கணுவில் வளைவரைக்கு வரைந்த தொடுகோட்டின் மேல்தான் அவை கிடக்கும். பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தில் பணியாற்றிய பியர் பெசியே என்ற பொறியாளரின் பெயரால் இவற்றைப் பெசியே வளைவரைகள் என்கிறார்கள். காரின் வளைவுகளை வடிவமைக்க வந்த கணக்கு ஹம்ப்டியின் வயிற்றுக்கும் உதவுகிறது.

கண்கள் எளிது. கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் முழு வட்டம். வெள்ளை வட்டத்துக்குள் சின்னக் கறுப்பு வட்டம்; இரண்டையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஜி அழுத்தினால் ஒரு குழு. கண்ட்ரோல் டி அழுத்தினால் நகல். பக்கத்தில் நகர்த்தினால் மறு கண். ஆனால் அதற்குமேல் அவசரப்படாதீர்கள். கருவிழிகளைக் கீழே இறக்கிப் பாருங்கள்: ஹம்ப்டி தரையைப் பார்க்கிறார், பயப்படுகிறார். மேலே ஏற்றினால் ஏதோ கனவு. புருவத்துக்குப் போட்ட கோட்டைச் சற்றுச் சாய்த்தால் கோபம். ஆங்கில ஆசிரியருக்கு இதுதான் வகுப்பு. பயம், பெருமை, கோபம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எழுதச் சொல்வதைவிட, “உன் ஹம்ப்டிக்கு இப்போது என்ன மனநிலை?” என்று கேட்டுப் பாருங்கள். சொல் தேவைப்பட்ட பிறகு வந்தால் அது தங்கும்.

அடுத்தது அந்தப் பட்டை. கழுத்தோ இடுப்போ, உங்கள் விருப்பம். முட்டையின் குறுக்கே ஒரு செவ்வகம் போட்டால் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டைக்கு உள்ளே இருக்கும் பகுதி மட்டும் வேண்டும். முட்டைக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலையும் செவ்வகத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாத் பட்டியலில் இன்டர்செக்ஷன் என்பதை அழுத்துங்கள். முட்டையின் வளைவோடு ஒட்டிய பட்டை கிடைக்கும், நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் கணமொழி நடத்துகிறவர்கள் சிரிப்பது தெரிகிறது. ஆம், அதே வெட்டுதான். பக்கத்திலேயே யூனியன் இருக்கிறது, அது சேர்ப்பு. டிஃபரன்ஸ், அது வித்தியாசம். முட்டையிலிருந்து செவ்வகத்தைக் கழிப்பதும் செவ்வகத்திலிருந்து முட்டையைக் கழிப்பதும் ஒன்றா என்று கேளுங்கள். வெண்படத்தில் பென்சிலால் கோடு கோடாக நிழலிட்டுக் காட்டியதை இங்கே வெட்டி எடுத்துத் தனியே நகர்த்தியே காட்டலாம்.

சுவருக்கு வருவோம். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. செங்கல் 40க்கு 15. நடுவில் 2 மி.மீ. கலவை இடைவெளி. ஐந்து செங்கலும் நான்கு இடைவெளியும் சேர்ந்து 208. முதல் வரிசை கச்சிதம். அதை நகலெடுத்து 17 மி.மீ. மேலே ஏற்றினால் இரண்டாம் வரிசை. எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது பலரும் செங்கல் மேல் செங்கலாக நேராக அடுக்கிவிட்டார்கள். வாயைத் திறந்து அதிகம் பேசாத ஒரு மாணவி, கொத்தனார் ஒருவரின் மகள், “மூட்டுக்கு மேல மூட்டு வந்தா சுவரு வெடிச்சிடும் சார், தள்ளி வைக்கணும்” என்றாள். எவ்வளவு தள்ள வேண்டும்? செங்கலும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 42. அதில் பாதி 21. அப்போது இரண்டு ஓரத்திலும் அரைச் செங்கல் வேண்டும். அரைச் செங்கல் எவ்வளவு? எல்லோரும் 20 என்றார்கள். வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. 19தான் வரும்; இடைவெளியிலும் பாதி போகுமே. 19, 2, நான்கு முழுச் செங்கலும் மூன்று இடைவெளியுமாக 166, மறுபடி 2, 19: மொத்தம் 208. அன்று அந்த அறையில் ஆசிரியர் அந்த மாணவிதான். அதற்குப் பிறகு கணக்குப் பாடவேளையில் அவள் கேள்வி கேட்பதும் கூடியது.

கடைசியில் அவரை விழவைக்க வேண்டும். முட்டைக்கு ஒரு நகல் எடுத்து, அதன் குறுக்கே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு தாண்டி மேலும் கீழுமாக மடங்கும் ஒரு கோட்டைப் பேனாக் கருவியால் போடுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து பாத் பட்டியலில் டிவிஷன். முட்டை இரண்டு ஓடாகப் பிரியும். இழுத்து விலக்கலாம், ஒவ்வொன்றையும் சுழற்றலாம். எந்த வகுப்பிலும் இதற்கு ஒரு கூச்சல் எழும். உடனே யாராவது கண்ட்ரோல் இசட் அழுத்துவார்கள்; ஹம்ப்டி மறுபடி முழுசாகிவிடுவார். ராஜாவின் படையால் முடியாதது! படை என்றதும் நினைவுக்கு வருகிறது, வால் வரைந்த அதே பையன் பிறகு கேட்டான்: “ஆளுங்க ஒட்டுவாங்க சரி, குதிரை எப்படி சார் ஒட்டும்?” இருநூறு ஆண்டுக்கும் மேலாகப் பாடப்படுகிற பாட்டு, கேட்டவன் அவன். பொருள் புரிந்த பிள்ளையால்தான் இப்படிக் கேட்க முடியும்.

“இணையத்தில் ஆயிரம் ஹம்ப்டி கிடைக்கிறதே, வரைவானேன்?” என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. தேடினால் வருவதில் பல, யாரோ விற்பனைக்கு வைத்த படங்கள். குறுக்கே நிறுவனப் பெயர் ஓடும். அதைத் துடைத்துவிட்டு நம் வகுப்பில் ஒட்டுவது நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர விரும்பும் பழக்கம் இல்லை. டென்னியல் 1914இல் மறைந்தவர். அவர் வரைந்ததை எடுத்தாளலாம், தடையில்லை. ஆனால் வால் எங்கே போனது, பால் எங்கிருந்து வந்தது என்று அந்தப் படம் நமக்குச் சொல்லாது. இன்னொன்று, நம் மாணவர்களில் சிலர் பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் அச்சகங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்து செய்வது பெரும்பாலும் இதே கணு, பாதை வேலைதான். பள்ளிக் கணினியைத் தூசி படாமல் துணி போர்த்திப் பூட்டி வைத்திருக்கும் அறைகளை நான் பார்த்திருக்கிறேன். பூட்டிய கணினியும் பழசாகத்தான் செய்கிறது. பிள்ளைகள் கை படாமல் பழசாகிறது.

கணினி போதாதே என்பீர்கள். ஒரே கணினியும் திரையும் இருந்தால் போதும். சுட்டியை ஆசிரியர் பிடிக்காமல் இருக்க வேண்டும். ஒருவர் முட்டை, ஒருவர் கண், ஒருவர் செங்கல் என்று வரட்டும். மற்றவர்கள் அளவைச் சொல்லட்டும். தொடக்கப் பள்ளியில் அதுவும் இல்லையா, பழைய நாட்காட்டி அட்டையில் வட்டமும் செவ்வகமும் வெட்டிக்கொடுங்கள், அடுக்கிப் பார்ப்பார்கள். கணுவை இழுக்க முடியாது, மற்றதெல்லாம் நடக்கும்.

உங்கள் முன்னால் இருக்கும் கணினிகளில் மென்பொருள் திறந்தே இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒன்று. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவருமாக உட்காருங்கள். தேநீருக்கு முன் முட்டையும் கண்ணும் முடித்துவிடுங்கள். சுவரைப் பிற்பகலில் கட்டுவோம். அரைச் செங்கல் 19 என்பதை இப்போதே சொல்லிவிட்டேன், பிள்ளைகளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.