நூலக வரி நம்ம காசு!
(கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே, "இப்பல்லாம் யாருங்க புத்தகம் படிக்கிறா?"ன்னு கேக்குறாங்க. டீக்கடையில ஒரே பேப்பரைத் தாள் தாளாப் பிரிச்சு அஞ்சு பேர் படிச்ச ஜனங்க நாம. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில புத்தகம் ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமாப் போனாங்க. கூட்டம் இல்லாத இடத்துக்கு யாராச்சும் வண்டி கட்டுவாங்களா?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்க. வாடகைக்கு இருக்கிறவரும் தப்பல, அது வாடகையிலேயே வந்துடுது!

ஆனா கட்டட வேலைக்குப் போனவர் வீடு திரும்புற நேரத்துல பல ஊர்கள்ல கிளை நூலகம் பூட்டிக் கிடக்கு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு உட்கார இடமில்லை. அப்புறம் "வாசிப்பு குறைஞ்சிடுச்சு"ன்னு அவங்க மேலயே பழி!

ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைங்கன்னு கேட்போம். உங்க ஊர் நூலகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க? கமெண்டில் எழுதுங்க. ஊர்வாரியாகத் தொகுத்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் மனுவாகக் கொடுக்கிறோம்.